ருடால்ப் ஷோன்ஹைமர்

நாம் உண்ணும் உணவு உடலினுட் சென்றபின் யாதாகின்றது? வினா எளிது, விடை காணும் வழியே அரிது. நேற்று உண்ட புரதத்தின் நைட்ரஜனும், உடலில் முன்னரே அமைந்த நைட்ரஜனும் தன்மையில் ஒன்றே. இது புதியது, அது பழையது எனப் பிரித்தறிவது எங்ஙனம்? அதற்கொரு வழி கண்ட ருடால்ப் ஷோன்ஹைமரின் சரித்திரத்தைச் சுருங்கச் சொல்லப் புகுந்தோம்.

இவர் 1898-ம் ஆண்டு மே மாதம் 10-ந் தேதி பெர்லின் நகரில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். அந்நகரிலேயே வைத்தியம் பயின்று 1922-ல் பட்டம் பெற்றார். பின்னர் லைப்சிக்கில் இரசாயனத்தை ஆழக் கற்று, பிரைபர்க் நகரில் அஷோப் என்னும் பேராசிரியரிடம் பணியேற்று, இரத்தக்குழாய்களைக் கெடுக்கும் கொலஸ்டிராலைப் பற்றி ஆராய்ந்தார். அக்காலத்தில் ஹெவிசியும் அந்நகரிலேயே ஆசிரியராயிருந்தார். கதிர்வீசும் ஈயத்தை அவரைச் செடிக்கு ஊட்டி, அது செல்லும் வழியை 1923-ல் கண்டறிந்தவர் அவரே. அடையாளமிட்ட அணுவைப் பின்தொடரலாம் என்னும் கருத்து, ஆதலின், ஷோன்ஹைமருக்கு எட்டாத தொன்றன்று.

1933-ல் ஹிட்லரின் ஆட்சி வந்தது. யூதர்கள் அரசாங்கப் பதவிகளினின்று விலக்கப்பட்டனர். ஷோன்ஹைமர் தாய்நாட்டைத் துறந்து நியூயார்க்கிலுள்ள கொலம்பியாச் சர்வகலாசாலையை அடைந்தார்; அங்கு உயிர் இரசாயனத் துறைக்குத் தலைவராயிருந்த கிளார்க் அவருக்கு இடமளித்தார். கன ஹைட்ரஜனைக் கண்டுபிடித்த யூரேயும் அச்சர்வகலாசாலையினரே. யூரேயின் மாணாக்கரான ரிட்டன்பர்க் 1934-ல் ஷோன்ஹைமருடன் சேர்ந்தார். துரத்தப்பட்ட வைத்தியரும் இளம் இரசாயனியும் ஒருங்கு கூடியது விஞ்ஞானத்தின் நற்பேறென்றே கருதுகின்றோம்.

முதலில் கன ஹைட்ரஜன் சேர்த்த ஆளிவிதை எண்ணெயைச் சுண்டெலிகளுக்கு ஊட்டினர். உண்ட கொழுப்பு உடனே எரிந்துபோம் என எண்ணியிருக்க, அதன் பெரும்பகுதி உடலின் கொழுப்புச் சேமிப்பிற் புகுந்திருக்கக் கண்டனர். அடுத்து நைட்ரஜனை நாடினர். சாதாரண நைட்ரஜனின் அணு நிறை 14. 15 நிறையுள்ள ஐசோடோப்பொன்றும் உண்டென்று நோடே 1929-ல் காட்டியிருந்தார். காற்றில் ஆயிரம் நைட்ரஜன் அணுக்களுக்கு அது நான்கும் நிரம்பாது. ஆயினும் அம்மோனியாவாயுவையும் அம்மோனிய உப்புக் கரைசலையும் எதிரெதிரே செலுத்தி அதனைச் செறிவாக்கும் முறையை யூரே வகுத்தார். அது கதிர்வீசுவதன்று, நிறையால் மட்டும் வேறுபட்டது. ஆகவே உடல் அதனை அயலாகக் கருதாது. நிறைமாலைமானி என்னும் கருவியோ தவறாது கண்டுகொள்ளும்.

அந்நாளில் பலரும் நம்பியது யாதெனில், வளர்ந்த உடலின் புரதம் கட்டி முடிந்த வீடு போன்றது. உண்பதிற் பெரும்பாலும் எரிபொருளாய்க் கழியும். தேய்மானத்தை ஈடுசெய்யச் சிறிதே வேண்டும் என்பது. ஷோன்ஹைமர் குழுவினர், எடை கூடாமலும் குறையாமலுமிருந்த வளர்ந்த எலிகளுக்குக் கன நைட்ரஜன் கொண்ட லியூசினை மூன்று நாள் ஊட்டினர். 1939-ல் வெளிவந்த முடிவு வியக்கத்தக்கது. சிறுநீரிற் கழிந்தது மூன்றிலொரு பங்கிற்கும் குறைவு; பாதிக்கு மேல் எலியின் புரதங்களிலேயே தங்கியிருந்தது. அதுமட்டுமோ? லைசின் நீங்கலாக ஆராய்ந்த பிற அமினோ அமிலங்களிலும் அவ்வடையாளம் காணப்பட்டது. எடை மாறாதிருந்த உடலினுள்ளே பழையன ஓயாது கழிந்து புதியன புகுந்தவண்ணம் இருந்தன! நிலையான வீடென நாம் எண்ணியது ஓடும் ஆறாயிற்று.

இப்புகழ் அவருடைய மனத்துயரை ஆற்றவில்லை. 1941-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி, தமது நாற்பத்துமூன்றாம் வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஹார்வர்டில் நிகழ்த்துதற்கென அவர் எழுதிவைத்த விரிவுரைகள் 1942-ல் நூலாயின.

அவருக்குப் பின்னும் அம்முறை நிற்கவில்லை. ஷெமின் கன நைட்ரஜனுள்ள கிளைசினைத் தாமே உண்டு, செங்குருதியணுவின் ஆயுள் ஏறக்குறைய நான்கு மாதமென 1946-ல் வெளியிட்டார். விஸ்கான்சினில் பர்ரிஸ் என்பார், மண்ணில் வாழும் அஸோட்டோபாக்டர் காற்று நைட்ரஜனைப் பற்றுதலை 1941-லேயே அவ்வணுவினாற் காட்டியிருந்தார். இன்றோ ஆற்றுநீரின் நைட்ரேட்டு உரத்தினின்று வந்ததோ சாக்கடையினின்று வந்ததோ என ஆராயவும், ஏரியில் எம்மீன் எதனை உண்டு வாழ்கின்றதென அறியவும், அக்கன நைட்ரஜனின் விகிதத்தையே அளக்கின்றனர்.