புள்ளி இறக்கைக் கொசு

கொசுவும் ஒரு வகை ஈதான், தெரியுமா? இரண்டே இறக்கைகள் உள்ள பூச்சிகளை விஞ்ஞானிகள் ஈ இனத்தில் சேர்க்கிறார்கள். நம் கண்ணுக்கு எல்லாக் கொசுவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால், அவற்றுக்குள் இருக்கும் வித்தியாசத்தைக் கவனித்து உலகப் புகழ் பெற்றார் ஒருவர். அவர்தான் ரொனால்டு ராஸ்.

இமயமலைப் பகுதியில் உள்ள அல்மோராவில் 1857ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி பிறந்தார் ராஸ். அப்பா ராணுவ அதிகாரி. பத்துப் பிள்ளைகளில் ராஸ்தான் மூத்தவர். எட்டு வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். கவிதை, ஓவியம், இசை என்றால் அவருக்கு உயிர். ஆனாலும், அப்பாவின் விருப்பத்துக்காக மருத்துவம் படித்தார். 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார்.

பெங்களூரில் இருந்தபோது அவர் வீட்டில் ஒரே கொசுத் தொல்லை. தண்ணீர்த் தொட்டியில் கொசுப் புழுக்கள் நெளிவதைப் பார்த்தார். தண்ணீரைக் கொட்டியதும் கொசுக்கள் குறைந்துவிட்டன!

அந்தக் காலத்தில் கெட்ட காற்றால் மலேரியா வருகிறது என்று மக்கள் நம்பினார்கள். 1880இல் லாவரன் என்ற பிரெஞ்சு மருத்துவர், நோயாளியின் ரத்தத்தில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அது எப்படிப் பரவுகிறது? கொசுவுக்கு இதில் பங்கு இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார் லண்டன் மருத்துவர் மான்சன். 1894இல் அவரிடம் பாடம் கேட்ட ராஸ், மறு ஆண்டே செகந்தராபாத்தில் ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

மலேரியா நோயாளியைக் கொசுக்கள் கடிக்க வேண்டும். பிறகு அந்தக் கொசுக்களை அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். கடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் நோயாளிக்கு ஓர் அணா கூலி கொடுத்தார் ராஸ். இரண்டு ஆண்டுகள் ஓடின. எந்தக் கொசுவிலும் கிருமி வளரவில்லை.

காரணம் என்ன? அவர் சோதித்தவை சாம்பல் நிறக் கொசுக்களும் வரிபோட்ட கொசுக்களும்தான். மனிதர்களைத் தாக்கும் மலேரியாக் கிருமி அவற்றில் வளராது. கொசு வகைகளை அடையாளம் காட்டும் நல்ல புத்தகமும் அவர் கையில் இல்லை. 1897இல் நீலகிரி அடிவாரத்துக்குச் சென்று தேடியபோது அவருக்கே மலேரியா வந்துவிட்டது!

அதே ஆண்டு ஆகஸ்டில் உதவியாளர்கள் கொண்டு வந்த புழுக்களிலிருந்து இறக்கையில் புள்ளிகள் உள்ள கொசுக்கள் வெளிவந்தன. அவற்றை நோயாளியைக் கடிக்க விட்டார் ராஸ். ஆகஸ்ட் 20. கடும் புழுக்கம். விசிறினால் கொசுக்கள் பறந்துவிடும். மைக்ராஸ்கோப்பின் திருகுகள் வியர்வை பட்டுத் துருப்பிடித்திருந்தன. கண்ணாடியும் விரிசல். மிச்சமிருந்தவையோ சில கொசுக்கள் மட்டுமே. அவற்றில் ஒன்றை அறுத்தார். வயிற்றுச் சுவரில் கரும்புள்ளிகளோடு வட்ட அணுக்கள் தெரிந்தன. அவைதான் மலேரியாக் கிருமி!

1898இல் கல்கத்தாவில் பறவை மலேரியாவை ஆராய்ந்தார். கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் சென்று, கடிக்கும்போது உடலில் நுழைகிறது என்று நிரூபித்தார். மனிதர்களுக்கு மலேரியாவைப் பரப்புவது புள்ளி இறக்கை உள்ள அனாபிலஸ் கொசுதான் என்பதை இத்தாலிய விஞ்ஞானிகள் அதே ஆண்டு உறுதி செய்தார்கள். 1902இல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1932ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் தேதி அவர் மறைந்தார். ஆகஸ்ட் 20ஆம் தேதி இன்றும் உலகக் கொசு நாள்.

இனி கொசுப் படத்தைப் பார்த்தால் நீங்களும் கண்டுபிடிக்கலாம். வால் பக்கத்தைத் தூக்கிச் சாய்வாக உட்கார்ந்திருந்தால் அனாபிலஸ். கறுப்பு உடம்பிலும் கால்களிலும் வெள்ளை வரிகள் இருந்தால், பகலில் கடித்து டெங்குவைப் பரப்பும் ஏடிஸ்.

வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்துக் குட்டிகளே! உங்கள் வீட்டு டிரம்மை வாரம் ஒரு முறை காலி செய்து தேய்த்துக் கழுவி, மூடி வையுங்கள். முட்டை கொசுவாக மாறச் சுமார் ஒரு வாரம் போதும். அதற்குள் முந்திக்கொள்வோமா?