ஒருவரைக்கூட வீட்டுக்கு அனுப்பாத முதலாளி!

ஆபீஸில் ஆள்குறைப்புனு பேச்சு அடிபட்டாலே யாருக்கும் வேலை ஓடாது, இல்லையா? அப்போ பானாசோனிக்கைத் தொடங்கிய கோனோசுகே மட்சுஷிதாவின் கதை உங்களுக்குத்தான்.

1894-ல் ஜப்பானில் பிறந்தவர். குடும்பம் நொடித்துப்போக, 9 வயதிலேயே ஒசாகாவில் கடைப் பையனாக வேலைக்குச் சேர்ந்தார். 1918-ல் மனைவி, மைத்துனருடன் சின்னதாக ஒரு மின்சாதனப் பட்டறையை ஆரம்பித்தார்.

1929 இறுதி. பொருளாதார மந்தத்தில் விற்பனை பாதிக்கும் கீழே சரிந்தது. குடோன் நிரம்பி வழிந்தது. மட்சுஷிதாவோ உடம்பு முடியாமல் படுக்கையில் கிடந்தார். பாதிப் பேரை நிறுத்திவிடலாம் என்றார்கள் நிர்வாகிகள். அவர் மறுத்துவிட்டார். உற்பத்தியைப் பாதியாக்குங்கள், ஆலையில் அரை நாள் வேலை போதும், ஆனால் சம்பளம் முழுசா கொடுங்கள். பதிலுக்கு எல்லோரும் லீவுகூட எடுக்காமல் தேங்கிய சரக்கை விற்கணும் என்றார்.

வேலை போயிடுமோனு பயந்தவர்கள் உற்சாகமாக விற்கக் கிளம்பினார்கள். சுமார் இரண்டே மாதங்களில் குடோன் காலி! ஆலை மறுபடியும் முழு நேரம் ஓடியது.

1989-ல், 94 வயதில் மறைந்தார் மட்சுஷிதா. அன்று அவர் காட்டியது வெறும் இரக்கம் இல்லை. முதலில் பயத்தைப் போக்கினார். அடுத்து, நெருக்கடியைத் தீர்க்கும் பொறுப்பை ஊழியர்கள் கையிலேயே கொடுத்தார். நீங்கள் ஒரு டீமை நடத்துபவரா? உற்சாக மெயில் தட்டுவதற்கு முன்னால், இந்த இரண்டையும் உங்களால் தர முடியுமானு பாருங்களேன்!