கோதாவரி தந்த காட்டன்

1803-இல் இங்கிலாந்தில் பிறந்த சர் ஆர்தர் காட்டன், 1821-இல் பொறியாளராகச் சென்னை வந்தார். கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டி முடித்துத் தஞ்சைக் கழனிகளைக் காத்தார்.

அந்நாளில் கோதாவரிச் சீமை சீரழிந்து கிடந்தது. நெசவுத் தொழில் நசிந்தது. 1833-ஆம் ஆண்டுப் பஞ்சம் மக்களைச் சூறையாடியது. அரசின் வரி வருவாயும் சரிந்தது. ஆயினும் கம்பெனி ஆட்சி பாசனத்திற்குப் பணம் ஒதுக்கத் தயங்கியது. அணைக்கு இடும் பணம் வீண்செலவன்று, விளைச்சலாகவும் வரியாகவும் திரும்பும் முதலீடு என்று காட்டன் கணக்கிட்டு வாதாடினார். 1847-இல் தவளேசுவரத்தில் தொடங்கிய அணை 1852-இல் நிறைவெய்தியது. பஞ்சபூமி நெற்களஞ்சியமாயிற்று.

1899-இல் அவர் மறைந்தார். செலவை மட்டுமே எண்ணி, செய்யாமையின் இழப்பை எண்ணாத அரசுகளுக்கு அன்னார் வாழ்வு என்றும் ஒரு பாடமன்றோ!