காற்றை வைத்து ரயிலை நிறுத்தியவர்: ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ்

பஸ் ஸ்டாண்டுல பஸ் வந்து நிக்கும்போது 'புஸ்ஸ்'னு ஒரு சத்தம் வருமே, கவனிச்சிருக்கீங்களா? ரயில் கிளம்புற நேரத்திலும் பெட்டிக்கு அடியிலிருந்து அதே மாதிரி சத்தம் கேட்கும். பிரேக் சிலிண்டர்ல இருந்த காற்று வெளியே போகிற சத்தம் அது. காற்றை பிரேக்குக்குள் கொண்டுவந்த மனிதரோட கதைதான் இது.

ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். ஈ.ஈ.ஈ. பசங்களுக்கு இந்தப் பேர் நல்லா தெரியும்: எடிசனுக்கு எதிரா ஏ.சி. கரண்ட் பக்கம் நின்னவர், டெஸ்லாவோட காப்புரிமைகளை வாங்கினவர். ஆனா கரண்ட் அவருக்கு இரண்டாவது இன்னிங்ஸ்தான். முதல் இன்னிங்ஸ் முழுக்க மெக்கானிக்கல்.

1846 அக்டோபர் 6 அன்று நியூயார்க் மாநிலத்தின் சென்ட்ரல் பிரிட்ஜ் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா விவசாயக் கருவிகள் செய்யும் பட்டறை வைத்திருந்தார். குடும்பம் ஸ்கெனெக்டடிக்குக் குடிபோன பிறகு, பையன் பள்ளிக்கூடத்தில் இருந்ததைவிட அந்தப் பட்டறையில்தான் அதிகம் இருந்தான். உள்நாட்டுப் போர் வந்தது. வடக்குத் தரப்பின் ராணுவத்திலும் பிறகு கடற்படையிலும் வேலை பார்த்தார். திரும்பி வந்து 1865-ல், 19 வயதில், சுழல் நீராவி எஞ்சினுக்கு முதல் காப்புரிமை வாங்கினார். யூனியன் காலேஜில் சேர்ந்தார். சில மாதங்களிலேயே வெளியே வந்துவிட்டார். (இதைப் படிச்சிட்டு யாரும் டி.சி. வாங்க ஆபீஸுக்குக் கிளம்பிடாதீங்க. அவருக்கு வீட்டிலேயே ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது!)

இருபது வயதை நெருங்கும்போது ஒரு விபத்தைப் பார்த்தார். ஸ்கெனெக்டடிக்கும் டிராய் நகருக்கும் இடையே இரண்டு சரக்கு ரயில்கள் நேருக்கு நேர் மோதிக் கிடந்தன. தண்டவாளம் நேராக இருந்தது, டிரைவர்கள் எதிரே வந்த ரயிலைப் பார்த்தும் விட்டார்கள். ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

ஏன் முடியல? அந்தக் காலத்துல ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி கை பிரேக். டிரைவர் விசில் கொடுப்பார். பிரேக்மேன்கள் பெட்டிக்குப் பெட்டி ஓடி சக்கரத்தைச் சுற்றி இறுக்கணும். சரக்கு ரயில்னா ஓடுற வண்டியின் கூரை மேலேயே நடக்கணும். மழை, பனி, இருட்டு எதுவானாலும் அதே வேலைதான். கால் வழுக்கி விழுந்து செத்தவர்கள் ஏராளம்.

எஞ்சின்ல மட்டும் நல்ல பிரேக் போட்டா போதாதானு கேட்பீங்க. ஒரு சின்ன கணக்கு போடுங்க. எஞ்சின் எடை 1 பங்கு, பின்னால் வரும் பெட்டிகள் 9 பங்கு. பிரேக் எஞ்சின் சக்கரத்தில் மட்டும் இருந்தால், உராய்வு விசை அந்த 1 பங்கு எடைக்குத்தான் கிடைக்கும். நிறுத்த வேண்டியதோ 10 பங்கு. வேகம் குறையும் வீதம் பத்தில் ஒன்றாகும், நிற்கும் தூரம் பத்து மடங்காகும். ஆக, இழுக்கப்படுகிற ஒவ்வொரு வண்டிக்கும் சொந்தமா பிரேக் வேணும். எல்லாமே ஒருத்தர் கையில் இருந்து வேலை செய்யணும். வெஸ்டிங்ஹவுஸ் பிடித்த புள்ளி இதுதான்.

முதலில் நீராவியைக் குழாய் வழியாக அனுப்பலாமா என்று பார்த்தார். குளிரில் அது குழாய்க்குள்ளேயே தண்ணீராகிவிடும். அப்போது ஆல்ப்ஸ் மலையில் மோண்ட் செனி சுரங்கம் தோண்டுவதைப் பற்றி ஒரு பத்திரிகையில் படித்தார். அங்கே பாறை துளைக்கும் கருவிகளுக்கு அழுத்தப்பட்ட காற்றை நீளமான குழாயில் கொண்டுபோனார்கள். சுரங்கத்துக்குள் போகும் காற்று ரயிலுக்கு அடியிலும் போகுமே!

1869 ஏப்ரலில் காப்புரிமை கிடைத்தபோது அவருக்கு 22 வயது. பிட்ஸ்பர்க்கில் நடந்த சோதனை ஓட்டத்தைப் பற்றி இன்றும் சொல்வார்கள். சுரங்கப் பாதையை விட்டு ரயில் வெளியே வரும்போது, எதிரே தண்டவாளத்தில் ஒரு குதிரை வண்டி மாட்டிக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் கீழே விழுந்து கிடந்தார். டிரைவர் டேனியல் டேட் பிரேக் வால்வைத் திருப்பினார். சில அடி தூரத்தில் ரயில் நின்றது. உள்ளே இருந்த அதிகாரிகள் இருக்கையிலிருந்து உருண்டு விழுந்தார்கள். அதற்கு மேல் டெமோ தேவைப்படவில்லை. அதே ஆண்டு வெஸ்டிங்ஹவுஸ் ஏர் பிரேக் கம்பெனி தொடங்கியது.

சாதாரண ஆளா இருந்தா இத்தோட நிறுத்தியிருப்பார். அவர் தன் டிசைனிலேயே ஓட்டை தேடினார். முதல் வடிவத்தில் எஞ்சினில் இருந்து காற்றை அனுப்பினால்தான் பிரேக் பிடிக்கும். குழாய் வெடித்தால்? கொக்கி கழன்று பின்பெட்டிகள் பிரிந்துபோனால்? பிரேக் ரொம்ப தேவைப்படும் அந்த நொடியில் அது இருக்காது.

1870-களின் தொடக்கத்தில் அவர் மொத்த லாஜிக்கையும் தலைகீழாகத் திருப்பினார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு காற்றுத் தொட்டி, ஒரு பிரேக் சிலிண்டர், நடுவில் 'டிரிபிள் வால்வ்'. ரயில் நெடுக ஓடும் குழாயில் அழுத்தம் நிறைந்திருந்தால் தொட்டி நிரம்பும், பிரேக் விடுபட்டிருக்கும். குழாயில் அழுத்தம் குறைந்தால் வால்வு நகர்ந்து, தொட்டியில் இருக்கும் காற்று சிலிண்டருக்குள் பாயும், பிரேக் பிடிக்கும். இப்போ குழாய் அறுந்தா என்ன ஆகும்னு யோசிங்க. அழுத்தம் போகும், ரெண்டு பக்கமும் பிரேக் தானாகவே பிடிச்சுக்கும். நாம 'ஃபெயில் சேஃப்'னு பரீட்சையில் ரெண்டு மார்க்குக்கு எழுதுற விஷயம் இதுதான்.

இது இல்லாட்டி என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்து சாட்சி. 1889 ஜூன் 12 அன்று, அர்மா அருகே ஒரு சுற்றுலா ரயில் மேட்டில் ஏற முடியாமல் நின்றது. ரயிலைப் பிரித்து இரண்டு தவணையாக ஏற்றலாம் என்று பின்பெட்டிகளைக் கழற்றினார்கள். அதில் இருந்தது தானியங்கியாக இல்லாத வெற்றிட பிரேக். கழற்றியதும் பிரேக்கும் போனது. பெட்டிகள் பின்னோக்கி உருண்டு, அடுத்து வந்த ரயிலில் மோதின. 80 பேர் இறந்தார்கள். பலர் ஞாயிறு பள்ளிக் குழந்தைகள். அதே ஆண்டில் பிரிட்டனில் பயணிகள் ரயில்களுக்குத் தானியங்கி பிரேக் சட்டப்படி கட்டாயமானது.

சரக்கு ரயில் தனிப் பிரச்னை. 1886, 1887-ல் அயோவா மாநிலத்தின் பர்லிங்டனில், 50 பெட்டி ரயில்களில் பிரேக்குகளைச் சோதித்தார்கள். முன்பெட்டிகள் பிரேக் பிடித்த பிறகே கடைசிப் பெட்டிக்குச் செய்தி போனது. பின்பெட்டிகள் முன்னால் வந்து இடித்தன. வெஸ்டிங்ஹவுஸின் பிரேக்கும் தப்பவில்லை. அவர் சாக்கு சொல்லாமல் வால்வை மாற்றி வடிவமைத்தார். ஒவ்வொரு வால்வும் தன் இடத்திலேயே குழாயின் காற்றை வாங்கிக்கொள்ளும். அழுத்தக் குறைவு சில நொடிகளில் கடைசிப் பெட்டி வரை போய்ச் சேரும். 1893-ல் அமெரிக்கச் சட்டம் ரயில்களில் இந்த வகை பிரேக்கைக் கட்டாயமாக்கியது. பிரேக்மேன் கூரை மேல் ஓடுவது மெல்ல மறைந்தது.

பிறகு சிக்னல் கம்பெனி, இயற்கை எரிவாயு, ஏ.சி. மின்சாரம், 1893 சிகாகோ உலகக் கண்காட்சியின் விளக்குகள், நயாகரா மின்நிலையம் என்று வாழ்க்கை ஓடியது. 361 காப்புரிமைகள். தொழிலாளர்களுக்குச் சனிக்கிழமை அரை நாள் விடுமுறை கொடுத்த ஆரம்பகால அமெரிக்க முதலாளிகளில் ஒருவர். 1907 நிதி நெருக்கடியில் தன் பெயர் தாங்கிய மின்சாரக் கம்பெனியின் பிடியை இழந்தார். 1914 மார்ச் 12 அன்று, 67 வயதில் இறந்தார். போரில் பணியாற்றியவர் என்பதால் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

அவர் யோசனை ரயிலோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் வீடு மாதிரி பெரிய வண்டியில் ஊர் சுற்றுபவர்கள், பின்னால் ஒரு காரை நாலு சக்கரமும் ரோட்டில் உருள இழுத்துப் போவார்கள். அந்தக் காருக்குத் துணை பிரேக் வாங்கும்போது பார்க்க வேண்டியவை மூன்று. முன் வண்டி எவ்வளவு பிரேக் பிடிக்கிறதோ அதே அளவில் பின் காரும் பிடிக்கணும். இணைப்பு அறுந்தா ஒரு கம்பி இழுபட்டு சுவிட்ச் விழுந்து, காரின் பேட்டரியே பிரேக்கைப் பிடிக்கணும். பின்னால் பிரேக் வேலை செய்யுதா, விடாமல் உரசுதா என்பது டிரைவருக்குத் தெரியணும். எஞ்சின் ஆஃப் ஆன காரில் பூஸ்டர் உதவி இல்லாமல் பெடல் கல்லு மாதிரி இறுகியிருக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்கணும். பாருங்க, இணைப்பு அறுந்தா என்ன ஆகும் என்பது 1870-களில் அவர் தன் டிசைனில் தீர்த்த கேள்விதான்.

அடுத்த தடவை உங்க புராஜெக்ட் ரிவியூவுக்குப் போகும்போது, மாடல் ஓடுதுங்கிற சந்தோஷத்தோட இன்னொரு கேள்வியையும் எடுத்துட்டுப் போங்க: இதுல ஒரு ஒயரோ ஒரு டியூபோ அறுந்தா, இது எந்தப் பக்கம் சாயும்?