கல்விக்காகக் களம் கண்ட அய்யங்காளி

மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தில் அமைந்தது நம் எழுமலை. அம்மலைத் தொடருக்கு அப்பால் விளங்குவது கேரள நாடு. அதன் தென்பகுதி முன்னாளில் திருவிதாங்கூர் சமஸ்தானம் என வழங்கியது. இன்றைய குமரி மாவட்டமும் அதனுள் அடங்கியிருந்தது. அங்கே அடிமைத்தளையை எதிர்த்து நெஞ்சுயர்த்தி நின்ற ஒரு மாவீரரின் வரலாற்றை, நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் இளைஞர்கள் முன் வைப்பது நம் கடமை எனக் கருதுகிறோம். அவரே அய்யங்காளி.

அடிமை முறை என்றதும் ஆப்பிரிக்க மக்களைக் கப்பலில் ஏற்றி அமெரிக்காவில் விற்ற கொடுமையே நம் நினைவுக்கு வரும். அம்மக்களின் விடுதலைக்காக ஆயுதம் ஏந்திய ஜான் பிரவுன் என்னும் வெள்ளையர் 1859-ஆம் ஆண்டு டிசம்பரில் தூக்கிலிடப்பட்டார். ஆனால் அடிமைகளைக் காணக் கடல் கடக்க வேண்டியதில்லை. திருவிதாங்கூரில் புலையர், பறையர் முதலிய உழைக்கும் மக்களை நிலத்தோடு சேர்த்து விற்றனர், ஒற்றி வைத்தனர், குத்தகைக்கும் விட்டனர். ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளில் 1843-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறைக்கிருந்த சட்ட ஆதரவை நீக்கியது. திருவிதாங்கூரில் 1855-ஆம் ஆண்டு அரச விளம்பரம் அதனை முற்றாக ஒழித்ததாக அறிவித்தது.

எனினும் ஏட்டில் கிடைத்த விடுதலை வயலுக்கு வந்து சேரவில்லை. பொதுச் சாலையில் நடக்கவும், முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தவும், சந்தைக்குள் நுழையவும், பள்ளியில் அமரவும் அம்மக்களுக்குத் தடை நீடித்தது. இந்நிலையில்தான் 1863-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள், திருவனந்தபுரத்தை அடுத்த வெங்ஙானூரில், அய்யன், மாலா என்னும் புலையர் குலத் தம்பதியருக்கு அய்யங்காளி பிறந்தார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் அடிமைகளின் விடுதலையை அறிவித்ததும் அதே ஆண்டில்தான் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

அவருக்குப் பள்ளிக் கல்வி வாய்க்கவில்லை. ஆனால் உடல் வலிமையும் அஞ்சாத உள்ளமும் வாய்த்திருந்தன. தம்மையொத்த இளைஞர்களைத் திரட்டித் தற்காப்புக் கலையில் பழக்கினார். 1893-ஆம் ஆண்டில் ஒரு வண்டியையும் இரு காளைகளையும் விலைக்கு வாங்கினார். வெள்ளாடை உடுத்து, தலைப்பாகை கட்டி, அவ்வண்டியில் ஏறிப் பொதுச் சாலையில் சென்றார். மேல்சாதியார் வழிமறித்தபோது கத்தியை உருவி நின்றார். வழி விட்டது கூட்டம். பின்னர் தோழர்களுடன் சாலையில் நடக்கும் உரிமையை நிலைநாட்டப் புறப்பட்டபோது, பாலராமபுரத்தில் பெருங்கலவரம் மூண்டது. இரு தரப்பிலும் காயமுற்றோர் பலர்.

இவ்விடத்தில் இளைஞர்கள் ஒன்றைக் கருத வேண்டும். அய்யங்காளி எவர் வீட்டையும் தேடிச் சென்று தாக்கியவர் அல்லர். வரி கொடுப்போர் அனைவருக்கும் உரிய சாலையில் நடந்தார். தாக்க வந்தவரைத் தடுத்தார். அவரது வீரம் உரிமை காக்கும் வீரமே தவிர வம்பு வளர்க்கும் வீரம் அன்று. நம் சென்னை மாகாணத்தில் பொதுச் சாலையும் கிணறும் தாழ்த்தப்பட்டோர்க்கும் உரியவை என்னும் அரசாணை, ஆர்.வீரையன் சட்டமன்றத்தில் கொணர்ந்த தீர்மானத்தை அடுத்து, 1924-ஆம் ஆண்டில்தான் பிறந்தது. வைக்கம் போராட்டம் தொடங்கியதும் அவ்வாண்டிலேதான். அவற்றுக்கு 31 ஆண்டுகள் முன்னரே உருண்டது அந்த வண்டி.

சாலையை வென்றவர் அடுத்துப் பள்ளிக்கூடத்தின் மீது கண் வைத்தார். 1904-ஆம் ஆண்டில் வெங்ஙானூரில் தாமே ஒரு பள்ளியைத் தொடங்கினார். பகைவர் அதனைத் தீக்கிரையாக்கினர், மீண்டும் கட்டினார். 1907-ஆம் ஆண்டில் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைப் பள்ளிகளில் சேர்க்கலாம் என அரசு ஆணையிட்டும், பள்ளி நடத்துவோரும் அதிகாரிகளும் அதனை நடைமுறைக்கு வரவொட்டாமல் தடுத்தனர்.

அப்போது அவர் கையாண்ட படைக்கலம் வேலைநிறுத்தம். எம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லையெனில் உங்கள் வயல்களில் இறங்க மாட்டோம் என்று உழவுத் தொழிலாளர் விலகி நின்றனர். கூலி உயர்வும், அடி உதை நீங்குதலும் அவர்தம் கோரிக்கைகளில் அடங்கும். வயல்களில் களை மண்டியது. குடிசைகளிலோ பசி வாட்டியது. விழிஞ்ஞம் கடற்கரை மீனவர்கள் தம் படகுகளில் அவர்களுக்குத் தொழில் அளித்துத் துணை நின்றனர். இறுதியில் அரசு மத்தியஸ்தம் செய்ய நேர்ந்தது. கூலிக்காக மட்டுமன்றிக் கல்விக்காகவும் உழைப்பாளர் பட்டினி கிடந்த போராட்டம் அது.

1911-ஆம் ஆண்டில் அவர் ஸ்ரீமூலம் பிரஜா சபையின் உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். கையெழுத்திட மட்டுமே கற்றிருந்த அவர், அச்சபையில் நிலமற்றோர்க்கு நிலமும், பிள்ளைகளுக்குக் கல்விச் சலுகைகளும் ஆண்டுதோறும் கேட்டார். 1914-ஆம் ஆண்டில் பஞ்சமி என்னும் சிறுமியைக் கைப்பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். அப்பள்ளிக்கும் தீ வைத்தனர். அப்பள்ளி 2022-ஆம் ஆண்டில் அய்யங்காளி, பஞ்சமி ஆகிய இருவர் பெயரையும் தாங்கியது.

பெண்மக்களின் மானத்தையும் அவர் மறந்தாரில்லை. அடிமையின் அடையாளமாகக் கல்மாலை அணிய வேண்டும் என்பது அந்நாளைய கட்டுப்பாடு. 1915-ஆம் ஆண்டில் பெரிநாட்டில் இதனை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி கலவரமாயிற்று. அய்யங்காளி கொல்லத்தில் பெருங்கூட்டம் கூட்டினார். அங்கே பெண்கள் தம் கழுத்திலிருந்த மாலைகளை அறுத்துக் குவித்தனர்.

1936-ஆம் ஆண்டில் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1939-இல், நம் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் கக்கன் உள்ளிட்டோரை வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றதை நாம் அறிவோம். 1937-ஆம் ஆண்டு ஜனவரியில் காந்தியடிகள் வெங்ஙானூருக்கு வந்தபோது, அய்யங்காளி செல்வமோ பதவியோ வேண்டவில்லை. தாம் கண்மூடுமுன் தம் சமூகத்தில் பத்துப் பேர் பி.ஏ. தேறியதைக் காண வேண்டும் என்பதே அவர் தெரிவித்த ஆவல். 1941-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் அவர் மறைந்தார். 1980-இல் திருவனந்தபுரம் வெள்ளையம்பலத்தில் அவரது சிலையை இந்திரா காந்தி அம்மையார் திறந்து வைத்தார். அந்நகரின் விக்டோரியா ஜூபிலி மண்டபம் 2019-இல் அவர் பெயர் பெற்றது.

அன்புடைய இளைஞர்களே! பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பெற்றுத் தலைமையாசிரியர் நாற்காலியில் அமரும் வாய்ப்பு நம் போன்றோர்க்குக் கிடைத்ததற்குப் பின்னே, கையெழுத்தன்றி வேறு எழுத்தறியாத அய்யங்காளியைப் போன்ற பெரியோரின் தியாகம் உண்டு. இன்று பள்ளியின் கதவை எவரும் அடைப்பதில்லை. ஆயினும் பருத்தி எடுப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் வருகைப் பதிவேட்டில் நம் பிள்ளைகளின் பெயருக்கு நேரே வெற்றிடங்கள் பெருகுவதை நாம் கண்டு வருந்தியதுண்டு. பெண் பிள்ளைகள் இடையில் நிற்பதும் உண்டு. பிள்ளைகள் பள்ளிக்குப் போவதற்காகப் பெற்றோர் வயலை விட்டு விலகிய வரலாறு ஒருபுறம். வயலுக்காகப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விலக்கும் வழக்கம் மறுபுறம். வறுமை இதற்குக் காரணம் என்பதை நாம் மறுக்கவில்லை. அவ்வறுமையைப் பகிர்ந்து சுமப்பதற்கன்றோ நம் சங்கம் தோன்றியது?

ஆகவே சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தெருவில் இடைநின்ற ஒரு பிள்ளையையேனும் கைப்பிடித்து மீண்டும் பள்ளியில் சேர்ப்பாராக. அன்று பஞ்சமியை அழைத்துச் சென்ற அய்யங்காளிக்கு இதனினும் சிறந்த நினைவுச் சின்னம் நம்மால் எழுப்ப இயலாது. வாழ்க அவர் புகழ்! வளர்க கல்வி!