ரேகைகளுக்குக் கணக்கு வகுத்த காஜி அஜீசுல் ஹக்



பழைய நிகாஹ் தஃப்தர்களைப் புரட்டுவோர், கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மங்கிய பெருவிரல் ரேகைகள் பதிந்திருப்பதைக் காண்பர். விரல் நுனிகளைப் பற்றிய திருவசனத்தை நாமும் ஜும்ஆ பயான்களில் பலமுறை எடுத்துரைத்துள்ளோம். ஆயினும் அந்த ரேகைகளை உலகின் காவல்துறைகள் பயன்படுத்தும்வண்ணம் முறைப்படுத்திய ஒரு முஸ்லிமின் பெயரை ஒருமுறையேனும் சொன்னோமில்லை. அக்குறையை இவ்வாண்டு மலரில் தீர்த்துக்கொள்கிறோம்.

மர்ஹூம் காஜி அஜீசுல் ஹக் அவர்கள் 1872-ல், இன்றைய வங்கதேசத்தின் குல்னா பகுதியிலுள்ள பைக்ராம் கஸ்பா என்னும் சிற்றூரில் பிறந்தார்கள். பெற்றோர் படகு விபத்தில் மாண்டனர். அண்ணனின் வருவாயில் குடும்பம் அரைவயிறு உண்டு வாழ்ந்தது. சிறுவருக்கோ பசி அதிகம். பிறர் பங்கையும் உண்டுவிட்டதற்காக ஒருநாள் அண்ணனிடம் அடிவாங்கி, பன்னிரண்டு வயதில் வீட்டைவிட்டு ஓடிக் கல்கத்தா சேர்ந்தார் என்பது குடும்பத்தார் வழிவந்த செய்தி. அங்கு ஒரு குடும்பம் ஆதரித்தது. அவரது கணிதத் திறமையைக் கண்டு படிக்கவும் வைத்தது. அப்படியே மாநிலக் கல்லூரிவரை உயர்ந்தார்.

அக்காலத்தில் வங்காளக் காவல்துறைத் தலைவராயிருந்த எட்வர்டு ஹென்றி, கணிதத்தில் வல்ல மாணவர் ஒருவரைத் தரும்படி அக்கல்லூரி முதல்வரைக் கேட்டார். 1892-ல் ஹக் அவர்கள் உதவி ஆய்வாளராகப் பணியில் சேர்ந்தார்கள்.

ரேகை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பது அதற்கு முன்பே தெரிந்ததுதான். 1858-லேயே ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி வங்காளத்தில் ஓர் ஒப்பந்தத்தில் கைப்பதிவு வாங்கியிருந்தார். இடர்ப்பாடு வேறிடத்தில் இருந்தது. ஆயிரக்கணக்கான ரேகைத் தாள்களுள் வேண்டிய ஒன்றை எப்படித் தேடி எடுப்பது? பூட்டுக்குப் பேர்போன நம் திண்டுக்கல்லில் இது எளிதில் விளங்கும்: சாவி ஒவ்வொன்றும் வேறுதான், ஆனால் குவியலில் கிடந்தால் பயனென்ன?

ஹக் அவர்கள் கண்ட வழி கணக்கில் அமைந்தது. பத்து விரல்களை ஐந்து இணைகளாகப் பிரித்தார்கள். சுழி, அதாவது நம் பெரியோர் சக்கரம் என்பது, முதல் இணையில் இருந்தால் 16, அடுத்ததில் 8, பின் 4, 2, 1 என்று மதிப்பு. சுழி இல்லையேல் சுழியம். ஒவ்வோர் இணையிலும் ஒரு விரலின் மதிப்பை மேலெண்ணிலும் மற்றதன் மதிப்பைக் கீழெண்ணிலும் கூட்டி, இரண்டோடும் ஒன்று சேர்த்தால் ஒரு பின்னம் கிடைக்கும். இரண்டு எண்ணும் 1 முதல் 32 வரை வரலாம். ஆக 32 பெருக்கல் 32, மொத்தம் 1024 அறைகள். தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பதுபோல் ஒவ்வொரு தாளும் தன் அறைக்குச் சென்றது. உட்பிரிவுகளையும், ரேகை விவரத்தைத் தந்தியில் அனுப்பும் குறியீட்டையும் உடன் பணியாற்றிய ஹேம சந்திர போஸ் வகுத்தார்.

12-6-1897 அன்று இந்திய அரசு இம்முறையை ஏற்றது. கல்கத்தாவில் ரேகைப் பணியகம் எழுந்தது. அவ்வாண்டே ஜல்பைகுரி தேயிலைத் தோட்டமொன்றில் மேலாளர் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டார். பணமும் களவு போயிற்று. சமையற்காரரின் ஆடையில் இரத்தக்கறை இருந்ததால் ஐயம் அவர்மீது விழுந்தது. ஆனால் பெட்டியிலிருந்த வங்கப் பஞ்சாங்கத்தில் பதிந்த இரத்த ரேகை, முன்பு திருட்டுக்காகத் தண்டனை பெற்ற பழைய வேலைக்காரன் காங்காலி சரணுடையது என்று பணியகம் காட்டிற்று. 1898-ல் நீதிமன்றம் அவனைத் திருட்டுக்கு மட்டும் தண்டித்தது. கொலையை நேரில் கண்டவர் இல்லை என்பதால் அக்குற்றத்திலிருந்து விடுவித்தது. இந்த எச்சரிக்கையை நாம் குறை கூறமாட்டோம். ரேகை ஒருவன் பொருளைத் தொட்டதைக் காட்டும். தொட்டபோது செய்ததைக் காட்டாது.

1901-ல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டும் இம்முறையைக் கைக்கொண்டது. ஆனால் உலகெங்கும் வழங்கிய பெயர் ஹென்றி முறை என்பதே. 1900-ல் வந்த நூலும் ஹென்றியின் பெயரில்தான் வெளியாயிற்று. கணக்கு வகுத்தவர் காவல் கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றார். 1913-ல் கான் சாகிப், 1924-ல் கான் பகதூர் பட்டங்களும், 5000 ரூபாயும், மோதிஹாரியில் நிலமும் கிடைத்தன. நீதியாகச் சொல்வதானால், ஹென்றியும் உண்மையை முற்றிலும் மறைத்துவிடவில்லை. முறையைச் செம்மைப்படுத்தியதில் தம் ஊழியருள் ஹக் அவர்களின் பங்கே பெரிது என 1926-ல் லண்டன் அலுவலகத்துக்கு எழுதினார். கால் நூற்றாண்டு தாமதமாக.

1935-ல் ஹக் அவர்கள் பீகாரின் மோதிஹாரியில் வஃபாத்தாகி அங்கேயே அடக்கமானார்கள். பின்னாளில் இங்கிலாந்தின் கைரேகைச் சங்கம் ஹக், போஸ் ஆகிய இருவர் பெயராலும் ஒரு பரிசை ஏற்படுத்தியது.