பாடகருக்குப் பின்னால் இருந்தவர்

விடுதி அறையில் ஓர் இரவு ரெகே பாடல் தொகுப்பு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாவது பாடல் தொடங்கியதும் கைப்பேசியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். முதல் பாடலின் பின்னணி இசையே மீண்டும் ஒலித்தது. மூன்றாவதிலும் அதேதான். குரலும் வரிகளும் மட்டும் மாறின.

பிறகுதான் தெரிந்தது, ஜமைக்காவில் இது ஒரு மரபு. டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்து அமைக்கும் பின்னணியை அங்கே ‘ரிடிம்’ என்கிறார்கள். ஒரு நல்ல ரிடிம் கிடைத்தால் பல பாடகர்கள் அதன்மேல் தங்கள் பாடலைக் கட்டுவார்கள். 1974இல் ரூபி எட்வர்ட்ஸ் என்ற தயாரிப்பாளர் ஒரே ரிடிமை வைத்து முழு இசைத்தட்டையே வெளியிட்டார்.

அப்படிக் காலங்காலமாகப் பயன்படும் ரிடிம்கள் பலவற்றின் பின்னால் இருந்தவர் ஜாக்கி மிட்டூ.

அவர் 1948 மார்ச் 3ஆம் தேதி ஜமைக்காவின் பிரவுன்ஸ் டவுனில் பிறந்தார். பியானோ கற்றுத் தந்தவர் அவருடைய பாட்டி. 1964இல் புகழ்பெற்ற ஸ்கேட்டலைட்ஸ் குழு தொடங்கப்பட்டபோது அதில் இடம்பெற்றார். அப்போது அவருக்கு வயது 16. நாம் நான்காம் படிவத்தில் உட்கார்ந்திருக்கும் வயது!

மறு ஆண்டே அந்தக் குழு கலைந்தது. மிட்டூ சோர்ந்துவிடவில்லை. கிங்ஸ்டன் நகரில் கிளெமன்ட் டாட் நடத்திய ‘ஸ்டூடியோ ஒன்’ ஒலிப்பதிவுக்கூடத்தில் இசையை ஒழுங்கமைக்கும் பொறுப்பை ஏற்றார். அங்கே ஆர்கன் வாசித்தார். மற்றக் கலைஞர்களோடு சேர்ந்து ரிடிம்களை உருவாக்கினார். 1967இல் பதிவான ‘ரியல் ராக்’ அவற்றுள் ஒன்று. பத்தாண்டுகளுக்குப் பிறகு வில்லி வில்லியம்ஸ் அதன்மேல் ஒரு பாடலைப் பாடினார். 1979இல் லண்டனின் ‘தி கிளாஷ்’ குழு அந்தப் பாடலைத் தன் பாணியில் பதிவு செய்தது. ‘ஃபுல் அப்’ என்ற இன்னொரு ரிடிம், 1982இல் பர்மிங்ஹாம் சிறுவர்களின் ‘மியூசிக்கல் யூத்’ குழு பாடிய பாடலுக்கு அடித்தளமானது. அது பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

ஆனால், அக்காலத்தில் ஜமைக்கப் பின்னணிக் கலைஞர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது ஒலிப்பதிவுக்கான கூலி மட்டுமே. பாடல் உலகைச் சுற்றினாலும் இசைத்தட்டின் முகப்பில் இருந்தது பாடகரின் பெயர்தான். மிட்டூ 1960களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்து, அங்கும் இசைத்தட்டுகளை வெளியிட்டார். 1990 டிசம்பர் 16ஆம் தேதி புற்றுநோயால் காலமானார். வயது 42தான்.

இவரைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சொந்தக் கதை நினைவுக்கு வந்தது. சென்ற ஆண்டு ஒரு கலை இரவில் கீபோர்டு வாசித்தேன். நிகழ்ச்சித்தாளில் பாடியவர்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன. இனி வாசிக்கவே கூடாது என்று பல நாள் முறுக்கிக்கொண்டிருந்தேன். மிட்டூ வாசிப்பதை நிறுத்தியிருந்தால் அந்தப் பாடல்கள் எப்படி இருந்திருக்கும்?

இவ்வாண்டு நானும் ஏற்பாட்டுக் குழுவில் இருக்கிறேன். கீபோர்டும் வாசிக்கிறேன். நிகழ்ச்சித்தாளை நானே தட்டச்சு செய்தேன். மிருதங்கம், வயலின், ஒலியமைப்பு என எல்லாருடைய பெயரும் அதில் இருக்கிறது. அடுத்த முறை ஒரு பாடல் பிடித்துப்போனால், பின்னால் வாசித்தவர் யார் என்று நீங்களும் தேடிப் பாருங்கள்.